கல் மதகை இடிக்கும் முன்...

காஞ்சிபுரம் வட்டாரம் ஏரிப் பாசனத்தை நம்பிய பூமி. இங்குள்ள பழைய ஏரிகளில் மதகு கசிந்தால், "இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் கட்டலாம்" என்ற பேச்சு எழுகிறது. விவசாயிகள் இதில் அவசரப்படக் கூடாது.

பழைய கல் மதகின் அமைப்பு எளியது. ஏரிக்குள், கரையோரம் இரண்டு கல் தூண்கள். அவற்றை இணைக்கும் குறுக்குக் கற்கள். அடியில் துளையிட்ட பலகைக் கல். துளையை அடைத்திருக்கும் கட்டையைத் தண்டோடு தூக்கினால், கரைக்கு அடியிலுள்ள கல் பாதை வழியே நீர் வாய்க்காலுக்கு வரும். துருப்பிடிக்கும் இரும்புத் திருகு இதில் இல்லை. கட்டை தேய்ந்தால் ஊர்த் தச்சரே புதிது செதுக்கித் தருவார்.

இத்தகைய மதகுகள் நிலைத்ததற்குப் பராமரிப்பே காரணம். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த 6 பேர் கொண்ட ஏரி வாரியத்தைக் கூறுகிறது. பதவிக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவருக்கு மீண்டும் பதவி இல்லை. இன்று பல ஊர்களில் ஏரிக்குப் பொறுப்பாளரே இல்லை. அந்த நிலையில் புதிய ஷட்டரும் துருவேறிக் கசியும். கடைமடைப் பயிர்தான் முதலில் வாடும்.

கோடையில் ஏரி வற்றியதும் ஆயக்கட்டுதாரர்கள் கூடி மதகைப் பாருங்கள். கல் பாதையில் சேர்ந்த மண்ணை அகற்றுங்கள். இடுக்கில் முளைத்த அரசு, ஆலங்கன்றுகளைச் சிறிதாக இருக்கும்போதே நீக்குங்கள். துளைக்குப் பொருந்தும் கட்டை செய்யுங்கள். கல் சரிந்திருந்தால் உரிய துறைக்கு எழுதிக் கொடுங்கள். அதற்கும் சரிப்படாத மதகை மட்டும் மாற்றக் கேளுங்கள்.