பதில் எழுதாதவர்

பழுது என்னவென்று தெரிகிறது. அதற்கான திருத்தமும் எழுதப்பட்டுக் கிடக்கிறது. ஆனாலும் ஒன்றும் நகரவில்லை. இந்த வாரம் முழுக்க என்னை எரிச்சலில் வைத்திருந்தது இதுதான். ஆடித்தபசு நெருங்குகிற நேரம். சங்கரன்கோவில் அச்சகங்களில் மூச்சுவிட நேரமில்லை. எனக்குப் பழக்கமான அச்சகம் ஒன்றில் பழைய விழா மலரின் கட்டுரைகளை மறுபடி அச்சிட வேண்டும். எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. அவற்றை யூனிகோடுக்கு மாற்றித்தரும் சின்ன மென்பொருளை அந்தக் கடைக் கணினியில் போட்டுக் கொடுத்தவன் நான். டெபியன் 13 இயங்குதளத்துக்கு மாறியதும் அது திறக்கவே மறுத்துவிட்டது. “என்ன அண்ணாச்சி, நேத்து வரைக்கும் ஓடுனது இன்னைக்கு ஏன் ஓடல?” என்று கடைக்காரர் கேட்கிறார்.

2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியான டெபியன் 13, பைத்தான் நிரல்மொழியின் 3.13 பதிப்புடன் வந்தது. அந்தப் பைத்தானில் நெடுநாள் கவனிப்பாரற்றுக் கிடந்த பழைய பகுதிகள் பலவற்றை எடுத்துவிட்டார்கள். சிஜிஐ என்ற பகுதியும் அதோடு போனது. நம்முடைய மாற்றி அதை நம்பி எழுதப்பட்டது. முகம் தெரியாத ஒருவர் சில வரிகளில் திருத்தம் எழுதி அனுப்பியிருக்கிறார். மாற்றியின் பராமரிப்பாளரிடமிருந்து பதில் இல்லை. நானும் எழுதிக் கேட்டேன். அதற்கும் இல்லை.

பாமினி என்றதும், இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நான் எங்கே போகிறேன் என்று தெரிந்திருக்கும். போகத்தான் வேண்டும். பாமினியில் அடித்த கோப்புக்குள் தமிழே கிடையாது. இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும். எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. ‘கொ’ வேண்டுமென்றால் முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோடில் மெய்க்குரிய எழுத்து முன்னால், உயிர்க்குறி பின்னால். ஆகவே மாற்றி ஒவ்வொரு கொம்பையும் அடுத்த எழுத்தைத் தாண்டவைத்து, அதன் பின்னால் கால் நிற்கிறதா என்று பார்த்து இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். அதைவிடச் சிக்கல் ஔகாரம். அதன் பின்பாதியும் ‘ள’வும் ஒரே விசை. கௌரவத்தையும் கெளுத்தி மீனையும் பிரித்தறிய, சொல் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து விதி எழுதியாக வேண்டும். அந்தப் பராமரிப்பாளர் அதைச் செய்திருந்தார். எத்தனை இரவுகள் அதற்குப் போயிருக்கும் என்று அந்த நிரலைப் படித்தாலே தெரியும். நம் ஊர்களின் தலவரலாறுகள், சிற்றிதழ்கள், சங்க அறிக்கைகள் எவ்வளவோ இன்னமும் இப்படிப்பட்ட கோப்புகளுக்குள்தான் பூட்டிக் கிடக்கின்றன. என் கோபத்துக்கு அதுதான் காரணம்.

டெபியனில் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஒரு தொகுப்பு கைவிடப்பட்டதாகத் தெரிந்தால், அதை ஏற்க விரும்புகிறவர் தன் எண்ணத்தை எல்லோரும் பார்க்க அறிவிக்க வேண்டும். 21 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் அவர் ஏற்றுகிற பதிப்பு குறைந்தது 7 நாள் வரிசையில் நிற்கும். அதற்குள் பழைய பராமரிப்பாளர் வந்து மறுத்தால் அதோடு சரி. காணாமல் போன பராமரிப்பாளர்களைத் தேடி விசாரிப்பதற்கென்றே தனிக் குழுவும் உண்டு. அவர்கள் முதலில் எழுதிக் கேட்பார்கள், விலக்குவதெல்லாம் பிறகுதான். நம்முடைய மாற்றியோ டெபியனுக்குள் போகவே இல்லை. தனியொருவர் தன் பக்கத்தில் வைத்துக் கொடுத்தது.

அவசரப்பட்டு நெருக்கினால் என்ன ஆகும் என்பதையும் உலகம் பார்த்துவிட்டது. எக்ஸ்இசட் என்ற சுருக்கு மென்பொருளைப் பின்லாந்தின் லாஸ்ஸே கொலின் கிட்டத்தட்டத் தனியாளாகக் கவனித்துவந்தார். 2022இல் யார் யாரோ வந்து வேகம் போதாது, ஆளை மாற்று என்று நெருக்கினார்கள். தனக்கு மனநலச் சிக்கல் இருக்கிறது, இது சம்பளமில்லாத வேலை என்று அவர் பொதுவெளியிலேயே சொன்னார். பொறுமையாக உதவிக்கொண்டிருந்த ஜியா டான் என்ற பெயருக்குப் பொறுப்பு போயிற்று. 2024இல் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கணினிக்குள் நுழையக் கள்ளவழி வைக்கப்பட்டது. உள்நுழைவு அரை வினாடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் மார்ச் 29 அன்று அதை அம்பலப்படுத்தினார்.

அந்தப் பராமரிப்பாளரை நாலு கேள்வி கேட்கவேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். இந்த இடத்துக்கு வந்தபோது உமர்தம்பி நினைவுக்கு வந்துவிட்டார். அதற்குமேல் அந்தக் கேள்விகளைக் கேட்க மனம் வரவில்லை.

அதிராம்பட்டினத்துக்காரர். தேனீ எழுத்துருவைச் செய்தவர். விண்டோஸ் 98 ஓடிய இணைய மையங்களில் தமிழ் யூனிகோடுப் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலம் அது. அவருடைய இயங்கு எழுத்துருவைத் தன் பக்கத்தில் இணைத்தவர்களுக்கு அந்தக் கவலை விட்டது. பக்கத்தோடு எழுத்துருவும் சேர்ந்து இறங்கிக்கொள்ளும். வாசிப்பவர் எதையும் நிறுவ வேண்டியதில்லை. தமிழ் வலைப்பதிவுகளின் தொடக்க நாட்களில் அந்த எழுத்துருவில் படித்தவர்கள் பலரும் அதைச் செய்தவர் பெயரை அறியமாட்டார்கள். யூனிகோடு எழுதுகருவி, எழுத்துரு மாற்றி என்று இன்னும் பல செய்து இலவசமாகவே தந்தார். 2006 ஜூலையில் இறந்துபோனார். ஐம்பத்து மூன்று வயது. அதற்கு மறுவாரம் ‘இந்த எழுத்து சரியாக விழவில்லை’ என்று யாராவது அவருக்கு எழுதியிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? பதில் வரவில்லை என்று எரிச்சல்பட்டிருக்கவும்கூடும்.

டெபியனில் பங்காற்றிய தீமோ சாய்ஃபரும் இப்படித்தான், 2008 டிசம்பரில் விபத்தில் இறந்தார். 2009இல் வெளியான டெபியன் 5.0ஐ அவருக்குக் காணிக்கையாக்கினார்கள். அவர் விட்ட வேலையை மற்றவர்கள் தொடர முடிந்தது. மூலநிரலும் ஏற்றும் உரிமையும் ஒருவர் கையில் மட்டும் இருக்கவில்லை. தமிழ்க் கருவிகள் பலவற்றுக்கு இன்னமும் ஒரே ஆள்தான். அவருடைய கடவுச்சொல்லோடு எல்லாம் முடிந்துவிடும். கணியம், விழுப்புரம் கட்டற்ற மென்பொருள் குழு போன்றவர்கள் கூட்டமாக உழைக்கிறார்கள் என்பது ஆறுதல். ஆனால் மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் வந்து, நம் பக்கத்துப் பிள்ளைகள் ஊரிலிருந்தே நிரல் எழுதிப் பிழைக்கிற இந்தக் காலத்திலும், ஒரு பாமினி மாற்றிக்கு இரண்டாவது ஆள் இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மாற்றியின் உரிமம் ஜிபிஎல். யாரும் எடுத்துத் தொடரலாம். திருத்தம் அனுப்பியவரைத் தேடிப்பிடித்துப் பேசிவிட்டேன். பழைய பெயரை எடுத்துக்கொள்ளாமல் தனிக் கிளையாகத் தொடங்குகிறோம். மூல ஆசிரியரின் பெயர் முதலில் இருக்கும். அவர் எப்போது வந்தாலும் ஏற்றும் உரிமை அவருக்கு உண்டு. அதைத் தெரிவித்து அவருக்கு இன்னொரு கடிதமும் எழுதியிருக்கிறோம், இம்முறை பழுதைப் பற்றி அல்ல, நலம் விசாரித்து. மூன்றாவதாக ஓர் ஆள் வேண்டும். பைத்தான் கொஞ்சம் தெரிந்து, பாமினியில் அடித்துப் பழகியவர் என்றால் நல்லது. இதழ் முகவரிக்கு எழுதுங்கள். முதல் வேலை, ‘கெள’ என்று தொடங்கும் சொற்களையும் ‘கௌ’ என்று தொடங்கும் சொற்களையும் பட்டியலிடுவது.