அடி சறுக்கினால் என்ன?

முப்பது நாட்களில் ஹிந்தி கற்றுக் கொள்ளலாம் என்று சொல்லும் புத்தகம் ஒன்று நம்மில் பலர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. எத்தனை பேர் முப்பதாம் நாள் பாடம் வரை போனோம் என்பது நமக்கும் அலமாரிக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். ஆகவே, "ஒரே நாளில் பனிச்சறுக்கு கற்றுத் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் சிரிப்பு வருவது நியாயந்தான். அதிலும் மலையே இல்லாத ஊரில், ஒரு கூரைக்கு அடியில் கற்றுத் தருகிறோம் என்றால்?

வாஸ்தவமாகவே கற்றுத் தருகிறார்கள். இங்கிலாந்தில் டாம்வொர்த் என்ற ஊரில் 1994-ல், கூரைக்கு அடியில் நிஜப் பனியைப் பரப்பி ஒரு சறுக்குமேடை திறந்தார்கள். பிறகு மில்டன் கீன்ஸில் 2000-லும், மாஞ்செஸ்டரில் 2007-லும், லண்டனுக்கு வடமேற்கே ஹெமல் ஹெம்ஸ்டெட்டில் 2009-லும் இப்படிப்பட்ட கூடங்கள் வந்தன. "ஒரே நாளில் ஸ்கீ" என்றே வகுப்புக்குப் பெயர். காலையில் போனால், நடுவே சாப்பாட்டுக்கு விட்டு, மாலை வரை பாடம்.

"நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்கிறீர்களா? நம் பெண்கள் எத்தனையோ பேர் அந்த ஊர்களில் குடித்தனம் நடத்துகிறார்கள். அவர்களைப் பார்க்கத் தாயாரும் மாமியாரும் விமானம் ஏறிப் போகிறார்கள். விடுமுறை நாளில் மாப்பிள்ளை, பெண், பேரன், பேத்தி எல்லோருமாகச் சறுக்கக் கிளம்புவார்கள். சறுக்குமேடையைப் பார்த்தாற்போலக் கண்ணாடித் தடுப்பு போட்ட காப்பிக் கடை இருக்கும். அங்கே ஐந்து பேரின் கோட்டுகளையும் மடியில் வைத்துக் கொண்டு காவல் காப்பது யார்? சொல்லவும் வேண்டுமா? "நீங்களும் வாருங்களேன், அம்மா" என்று பெண் கூப்பிட்டால், "எனக்கு எதற்கடி இந்த வயதில்?" என்று ஒரு பதில் நம்மிடம் தயாராக இருக்கிறது. அந்தப் பதில் சரிதானா என்று கொஞ்சம் பார்ப்போம்.

முதலில் அந்தப் பனி எங்கிருந்து வருகிறது? கூடம் முழுவதையும் பூஜ்யத்துக்கு இரண்டு மூன்று டிகிரி கீழே குளிர வைத்து, தண்ணீரையும் அழுத்தமான காற்றையும் சேர்த்துப் பீய்ச்சுகிறார்கள். பொடித் துளிகள் தரையைத் தொடுவதற்குள் உறைந்து பனியாகி விடுகின்றன. 1927-ல் வியன்னா நகரில், ரயில் வராமல் போன ஒரு ஸ்டேஷனுக்குள் இந்த மாதிரி மேடை கட்டினார்கள். அப்போது இந்த வித்தை தெரியாததால் சோடா கலந்த ஒரு தூளைப் பரப்பினார்கள். சில மாதங்களிலேயே கடையைக் கட்ட வேண்டியதாயிற்று. இன்றைக்கோ பாலைவனத்து துபாயில் 2005 முதல் 400 மீட்டர் நீளத்துக்குப் பனி கிடக்கிறது. 2024-ல் ஷாங்காயில் திறந்த கூடம் உலகத்திலேயே பெரியது என்று பெயர் வாங்கியது. எல்லாம் நிலைத்து விட்டதாகவும் நினைக்க வேண்டாம். டோக்கியோவுக்குப் பக்கத்தில் 1993-ல் எழுப்பிய பிரமாண்டமான சறுக்குக் கூடத்தை 2002-ல் மூடி விட்டார்கள். அந்த இடத்தில் பிறகு வந்தது மேஜை நாற்காலி விற்கும் கடை!

சரி, வகுப்புக்குள் போவோம்.

புடவை அங்கே சரிப்படாது. நனையாத கால்சட்டை, கையுறை, முழங்கால் வரை வரும் காலுறை வேண்டும். குளிருக்குப் பயந்து காலுறையை இரண்டு ஜோடியாகப் போடாதீர்கள். உள்ளே மடிப்பு விழுந்து கொப்புளம் கிளம்பும். மெல்லியதாக ஒரே ஜோடி போதும். தலைக்கவசம், பூட்ஸ், பலகை எல்லாம் அங்கேயே வாடகைக்குத் தருவார்கள்.

இந்த இடத்தில்தான் பெண்மணிகளுக்கு முதல் பரீட்சை. உங்கள் எடை என்ன, உயரம் என்ன, வயது என்ன என்று ஒரு சீட்டில் எழுதச் சொல்வார்கள். பக்கத்தில் மாப்பிள்ளை நிற்கிறாரே என்று எடையில் எட்டுக் கிலோவும் வயதில் ஐந்து வருஷமும் குறைத்து விடாதீர்கள்! பூட்ஸைப் பலகையோடு பிணைக்க ஒரு கவ்வி இருக்கிறது. நீங்கள் விழும்போது கால் முறுக்கிக் கொள்ளாமல் அது தானாகக் கழன்று விட வேண்டும். எவ்வளவு விசைக்குக் கழல வேண்டும் என்பதை அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் முடுக்குகிறார்கள். எடையைக் குறைத்துச் சொன்னால், கழலக் கூடாத சமயத்தில் கழன்று கவிழ்த்து விடும். வயதைக் குறைத்துச் சொன்னால், கழல வேண்டிய சமயத்தில் கழலாமல் போகலாம். பனிச்சறுக்கில் ஆண்களைவிடப் பெண்களுக்கே முழங்கால் நார் அதிகமாக அறுந்து போகிறது என்று வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகையால் உண்மையைச் சொல்லுங்கள். அந்தச் சீட்டை வேறு யாரும் படிக்கப் போவதில்லை.

பூட்ஸைப் பூட்டியதும், "ஐயோ, நடக்கவே முடியவில்லையே! இதைப் போட்டுக் கொண்டு எப்படிச் சறுக்குவது?" என்று தோன்றும். அது அப்படித்தான் இருக்கும். கணுக்கால் அசையாதபடி இறுக்கிப் பிடிப்பதுதான் அதன் வேலை. முதலில் ஒரு காலில் மட்டும் பலகை மாட்டிச் சமதரையில் சுற்றச் சொல்வார்கள். பிறகு இரண்டு காலிலும். கையில் கோல் தர மாட்டார்கள். கோலைப் பிடித்தபடி விழுந்து கட்டை விரலைப் பிசகிக் கொள்கிறவர்கள் உண்டு. முதல் நாளில் அது வேண்டியதும் இல்லை.

அடுத்த பாடம், விழுவதும் எழுந்திருப்பதும். இதைச் சொல்லித் தராமல் எந்த நல்ல ஆசிரியரும் மேலே ஏற்ற மாட்டார். விழப் போகிறோம் என்று தெரிந்தால் கையை ஊன்றக் கூடாது. பக்கவாட்டில், இடுப்புச் சதை தாங்கும்படி சாய வேண்டும். சறுக்கிக் கொண்டிருக்கும்போதே எழ முயலக் கூடாது. நின்ற பிறகு, இரண்டு பலகைகளையும் நமக்குக் கீழ்ப்பக்கமாகக் கொண்டு வந்து, சரிவுக்குக் குறுக்கே வைத்துக் கொண்டு எழ வேண்டும். ஒரு எலுமிச்சம் பழத்தைச் சரிவில் விட்டால் எந்த வழியாக உருளுமோ, அந்த வழியைப் பலகையின் முனை பார்க்கக் கூடாது. பார்த்தால், நாம் எழுவதற்கு முன்னால் பலகை கிளம்பி விடும்!

அதற்கு அடுத்தது, நிறுத்துவது. கவனியுங்கள், போவதற்கு முன் நிறுத்தக் கற்கிறோம். போவதற்குப் பாடம் எதற்கு? அதைச் சரிவே பார்த்துக் கொள்ளும். பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகட்டினால் ஓட்டுவீட்டுக் கூரை மாதிரி ஒரு வடிவம் வரும். குதிகாலை வெளியே தள்ளத் தள்ள, பலகையின் உள் விளிம்பு தேங்காய்த் துருவி மாதிரி பனியைச் சுரண்டும், வேகம் குறையும், நிற்கும். இதற்குப் பனிக் கலப்பை என்று பெயர். குழந்தைகளுக்குப் புரிவதற்காக ஆசிரியர்கள், "பீட்ஸா துண்டு மாதிரி வை" என்று கத்துவார்கள். ஆஸ்திரியாவில் ஸாங்க்ட் ஆன்டன் என்ற மலையூருக்கு 1907-ல் ஆசிரியராக வந்த ஹன்னஸ் ஷ்னைடர் என்பவர், முதலில் கலப்பை, அப்புறம் திருப்பம், கடைசியில் கால்களைச் சேர்த்துச் சறுக்குவது என்று படிப்படியாகப் பாடத்தை வகுத்தார். பாடத்துக்குப் படிகள் இருப்பதனால்தான் முதல் படியை ஒரே நாளில் ஏற முடிகிறது.

மத்தியானத்துக்கு மேல் திருப்பம் வரும். வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் இடது காலை அழுத்து என்பார் ஆசிரியர். நமக்குத் தலை சுற்றும். இரட்டை மாட்டு வண்டியை நினைத்துக் கொள்ளுங்கள். வலப்பக்கம் திரும்பும்போது இடப்பக்கத்து மாடுதானே கூடுதலாக உழைக்கிறது? இதுவும் அப்படித்தான். இன்னொரு விஷயம், போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். காலைப் பார்த்தால் காலடியில்தான் விழுவோம்.

இனிச் சொல்லப் போவதுதான் முக்கியம். சரிவின் மேல் நின்று கீழே பார்த்தவுடன் பயம் வரும். பயம் வந்ததும் உடம்பு தானாகப் பின்னால் சாயும். குழியைக் கண்டு பின்வாங்குவது இயற்கைதான். ஆனால் பனிச்சரிவில் பின்னால் சாய்ந்தால் பலகையின் முன்பகுதியில் பாரம் இருக்காது, கலப்பை பிடிக்காது, திருப்பம் கிடைக்காது, வேகம் ஏறும். பயத்தின் பேச்சைக் கேட்டால் எது நேரும் என்று பயந்தோமோ அதுவே நேரும்! முழங்காலை மடக்கி, முன்கால் எலும்பு பூட்ஸின் முன்பட்டையில் அழுந்தும்படி, சரிவை நோக்கிக் கொஞ்சம் முன்னே சாய வேண்டும். அப்போதுதான் பலகை சொன்ன பேச்சைக் கேட்கும். பயத்தோடேயே முன்னால் சாயலாம். பயம் போகட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு நாள் வகுப்பில் கிடைக்கும் பெரிய பாடம் இதுதான். நாற்பது வயதுக்கு மேல் எதையும் புதிதாகத் தொட அஞ்சும் நம் போன்றவர்களுக்கு இது பனிக்கு வெளியேயும் உதவும்.

மேலே போவதற்கு ஓடும் கம்பளம் இருக்கும். வேறு சில மேடைகளில் கம்பியில் தொங்கும் ஒரு சிறு வட்டத் தட்டைக் கால்களுக்கு இடையில் வைத்துக் கொள்ளச் சொல்வார்கள். அது இழுப்பதற்கு, உட்காருவதற்கல்ல. நாற்காலி என்று நம்பி உட்கார்ந்தவர்கள் எல்லோரும் தரையைக் கண்டிருக்கிறார்கள்! சறுக்கி இறங்கும்போது ஒரு சட்டம்: மேலேயிருந்து வருகிறவர்தான் கீழே இருப்பவரை விட்டு ஒதுங்கிப் போக வேண்டும்.

ஒரு நாளில் என்ன வரும், என்ன வராது என்று நேராகவே சொல்லி விடுகிறேன். சரிவான மேடையில் உங்கள் இஷ்டப்படி வேகத்தைக் குறைக்கவும், இடமும் வலமுமாகத் திரும்பவும், நினைத்த இடத்தில் நிற்கவும் பெரும்பாலோருக்கு வந்து விடும். அதனால் ஆல்ப்ஸ் மலையையே வென்று விட்டதாக நினைக்கக் கூடாது. ஹெமல் ஹெம்ஸ்டெட்டில் பெரிய மேடையே 160 மீட்டர்தான். மலையில் ஒரு தடம் கிலோமீட்டர் கணக்கில் போகும். அங்கே காற்று உண்டு, கட்டியாக இறுகிய பனி உண்டு, மேகம் மூடி மேடுபள்ளம் தெரியாத நேரமும் உண்டு. ஐரோப்பாவில் தடங்களுக்கு நிறம் வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் பாடம் படித்தவர்களுக்குப் பச்சையும் சாதுவான நீலமும் போதும். சிவப்பும் கறுப்பும் நமக்கல்ல.

"பொய் மேடையில் கற்றால் என்ன பிரயோசனம்?" என்று அலட்சியம் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டேவ் ரைடிங் என்ற ஆங்கிலேயர், லங்காஷயரில் பெண்டில் என்ற இடத்தில், பனிகூட இல்லாத, பிளாஸ்டிக் நார் பதித்த மேடையில் பழகியவர். 2022 ஜனவரியில், தம் 35-வது வயதில், ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூஹலில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்தில் முதலாவதாக வந்தார். 1931-ல் ஸ்விட்ஸர்லாந்தில் முர்ரனில் முதன்முதலாக நடந்த உலகப் பந்தயத்தில் பெண்களுக்கான இரண்டு போட்டிகளையும் வென்றவரும் ஆல்ப்ஸ் நாட்டுப் பெண் அல்ல. எஸ்மி மக்கின்னன் என்ற பதினேழு வயது பிரிட்டிஷ் பெண்தான்.

நமக்குப் பந்தயமும் கோப்பையும் வேண்டாம். ஆனால் சில எச்சரிக்கைகள் வேண்டும். எலும்பு தேய்ந்தவர்கள், முழங்காலில் சிகிச்சை செய்து கொண்டவர்கள், இருதயக் கோளாறு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. குளிரில் தாகம் தெரியாது. அவ்வப்போது தண்ணீர் குடியுங்கள். சாயங்காலம் நாலு மணிக்குத் தொடை நடுங்க ஆரம்பித்தால், "இன்னும் ஒரே ஒரு தடவை" என்ற ஆசையை அடக்கி, "போதும்" என்று சொல்லுங்கள். களைத்த காலுக்குக் கலப்பை பிடிக்காது. பேரன் கேலி செய்தாலும் பரவாயில்லை. வகுப்பு முழுவதற்கும் பணம் கட்டியாயிற்றே என்று கடைசி நிமிஷம் வரை சறுக்க வேண்டாம். வைத்தியச் செலவு அதைவிட அதிகம்.

மறுநாள் காலை மாடிப்படி இறங்கும்போது, இருப்பதே தெரியாத தசையெல்லாம் முறையிடும். வெந்நீர் ஸ்நானமும் இரண்டு நாள் பொறுமையும் போதும். ஊர் திரும்புவதற்குள் இன்னொரு தடவை போக வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். முதல் நாள் கற்றது மறந்து போவதற்குள் இரண்டாவது பாடம் கேட்பது நல்லது. கோட்டுகளுக்கா? அவற்றை வைத்துப் பூட்ட அங்கே அலமாரிகள் இருக்கின்றன.