விண்டோஸ் 11 போட்டால் விளையாட்டு மெதுவாகுமா?

“அப்பா! கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 போட வேண்டாம். போட்டால் என் விளையாட்டு மெதுவாகிவிடும்!” என்கிறான் மகன்.

“போடாவிட்டால் திருடன் உள்ளே புகுந்துவிடுவான் என்கிறார்களே! அதில்தானே பாங்குக் கணக்கும் பார்க்கிறோம்!” என்கிறார் தந்தை.

“எது வேண்டுமானாலும் செய்யுங்கள். புதுக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள்!” என்கிறாள் தாய்.

கம்ப்யூட்டர் உள்ள வீடுகளில் இந்தத் தகராறு கிளம்பியதற்குக் காரணம் ஒரு தேதி. 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி. விண்டோஸ் 10-க்கு வழக்கமாகக் கொடுத்து வந்த பாதுகாப்புத் திருத்தங்களை அன்றோடு மைக்ரோசாப்ட் கம்பெனி நிறுத்திக்கொண்டது. பத்து ஆண்டுகளாக ஓடிய விண்டோஸ் அது. 2015-ம் ஆண்டு ஜூலை மாதம் வெளிவந்தது.

இந்த மூவரில் யார் சொல்வது சரி? மூவர் பேச்சிலும் உண்மை இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

மேஸ்திரி மாறினால்...

கம்ப்யூட்டருக்குள் பல உறுப்புகள் இருக்கின்றன. கணக்குப் போடுவது பிராசஸர். படம் வரைவது கிராபிக்ஸ் கார்டு. வேலைக்கு வேண்டியதை எடுத்துக் கையில் வைத்திருப்பது மெமரி.

இவை தாமாக வேலை செய்யா. யார் எதை, எப்போது செய்ய வேண்டும் என்று ஒருவர் சொல்ல வேண்டும். வீடு கட்டும் இடத்தில் மேஸ்திரி இருக்கிறார் அல்லவா? அவரைப் போல. அந்த மேஸ்திரிதான் ஆபரேட்டிங் சிஸ்டம். விண்டோஸ் என்பது அதுதான்.

கொத்தனார் அதே கொத்தனார். சித்தாள் அதே சித்தாள். ஆனால் மேஸ்திரி மாறினால் வேலையின் வேகம் மாறும். புது மேஸ்திரிக்கு ஆட்களின் பழக்கம் தெரியாமல் இருக்கலாம். அவர் வாசலில் புதிதாகக் காவல்காரனை நிறுத்தலாம். அல்லது, பழையவரைவிடக் கெட்டிக்காரராக இருந்து வேலையைச் சீக்கிரம் முடிக்கலாம்.

விண்டோஸ் 11 விஷயத்தில் இந்த மூன்றுமே நடந்தன!

விநாடிக்கு 60 படம்

சினிமாவில் விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. அதனால்தான் உருவங்கள் அசைவதாக நமக்குத் தோன்றுகிறது. கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு அது போதாது. விநாடிக்கு 60 படமாவது வேண்டும் என்பது விளையாடுகிறவர்களின் பொதுவான எண்ணம்.

சினிமாப் படம் முன்பே எடுத்து வைத்தது. விளையாட்டுப் படம் அப்படி அல்ல. பையன் அழுத்தும் பொத்தானுக்கு ஏற்ப அடுத்த படத்தைக் கம்ப்யூட்டர் அப்போதைக்கப்போது வரைகிறது. விநாடிக்கு 60 என்றால், ஒரு படம் வரையக் கிடைக்கும் நேரம் ஒரு விநாடியில் 60-ல் ஒரு பங்குதான். அதற்குள் முடியாவிட்டால் காட்சி திக்கும்.

வேகம் நூற்றுக்கு 5 குறைந்தால் 60 படம் 57 ஆகும். பலருக்கு அது கண்ணில் படாது. நூற்றுக்கு 15 குறைந்தால் 51 ஆகும். அது தெரியும். கம்ப்யூட்டர் பழையதாகி, 35 படம்தான் வருகிறது என்றால், 5 படம் போனாலும் கஷ்டம்தான். ஆகையால், “வேகம் குறையுமா?” என்று மட்டும் கேட்டால் போதாது. “எவ்வளவு குறையும்? என் கம்ப்யூட்டர் அதைத் தாங்குமா?” என்று கேட்க வேண்டும்.

16 நாள் தவிப்பு

விண்டோஸ் 11 வெளிவந்தது 2021-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி. வந்த வேகத்திலேயே புகார் எழுந்தது. ஏ.எம்.டி. கம்பெனியின் ரைசன் பிராசஸர் உள்ள கம்ப்யூட்டர்களில் வேகம் குறைந்தது.

பிராசஸருக்கு உள்ளேயே ஒரு சிறு மெமரி உண்டு. கொத்தனார் இடுப்புப் பையில் ஆணி வைத்துக்கொள்வது போல, அடிக்கடி வேண்டியதை அதில் பிராசஸர் வைத்துக்கொள்ளும். விண்டோஸ் 11 வந்ததும், அந்தப் பையிலிருந்து ஆணி எடுக்க ஏறக்குறைய மூன்று மடங்கு நேரம் பிடித்தது.

இதை ஏ.எம்.டி. கம்பெனியே ஒப்புக்கொண்டது. சாதாரண வேலைகளில் நூற்றுக்கு 3 முதல் 5 வரை வேகம் குறையலாம். போட்டி விளையாட்டுகள் சிலவற்றில் 10 முதல் 15 வரை குறையலாம் என்று அறிவித்தது. அக்டோபர் 21-ந் தேதி மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட்டது. இன்னொரு குறைக்கு ஏ.எம்.டி. திருத்தம் வெளியிட்டது. தொல்லை தீர்ந்தது.

முதல் நாளே ஓடிப்போய்ப் போட்டவர்கள் 16 நாள் தவித்தார்கள். ஒரு மாதம் பொறுத்தவர்களுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது!

காவல்காரன் செலவு

இன்னொரு காரணம் இன்றும் இருக்கிறது. அதன் பெயர் மெமரி இன்டெக்ரிட்டி. இதுதான் மேஸ்திரி வாசலில் நிறுத்திய காவல்காரன்.

கம்ப்யூட்டரின் அடி ஆழத்தில் ஓட வரும் புரோகிராம் நம்பத்தக்கதுதானா என்று இந்தக் காவல்காரன் சோதிக்கிறான். திருட்டுப் புரோகிராமைத் தடுக்கிறான். விண்டோஸ் 11 உடன் விற்கப்படும் பல புதுக் கம்ப்யூட்டர்களில் இந்தக் காவல் முதலிலிருந்தே இருக்கிறது.

சோதனை என்றால் நேரம் பிடிக்கும் அல்லவா? சில கம்ப்யூட்டர்களில் இதனால் விளையாட்டின் வேகம் குறையலாம் என்று 2022-ம் ஆண்டில் மைக்ரோசாப்ட் கம்பெனியே எழுதியது. வேகம்தான் வேண்டும் என்றால் விளையாடும்போது இதை நிறுத்தலாம், விளையாடி முடித்ததும் மறுபடி ஓட விட வேண்டும், நிறுத்தியிருக்கும்போது கம்ப்யூட்டருக்கு ஆபத்து வரலாம் என்றும் எச்சரித்தது.

விளையாட மட்டுமே ஒரு கம்ப்யூட்டர் என்றால் அது உங்கள் இஷ்டம். ஆனால் அதே கம்ப்யூட்டரில் தந்தை பாங்குக் கணக்குப் பார்க்கிறார். நிறுத்தும் பையன் மறுபடி ஓட விட மறந்துவிடுவான். நான்கைந்து படத்துக்காகக் காவல்காரனை வீட்டுக்கு அனுப்புவது புத்திசாலித்தனம் அல்ல.

குற்றவாளி வேறு!

எல்லாப் பழியையும் விண்டோஸ் மேல் போடுவதும் நியாயம் இல்லை.

2022-ம் ஆண்டு செப்டம்பரில் விண்டோஸ் 11-க்குப் பெரிய மாற்றம் ஒன்று வந்தது. உடனே என்விடியா கிராபிக்ஸ் கார்டு வைத்திருந்த பலருக்கு விளையாட்டு திக்கியது. “விண்டோஸ் கெடுத்துவிட்டது!” என்றார்கள். ஆனால் என்விடியா கம்பெனியின் துணைப் புரோகிராம் ஒன்றில், கோளாறு கண்டுபிடிப்பதற்கான கருவி தவறுதலாக ஓடத் தொடங்கியிருந்தது. அந்தப் புரோகிராமை மாற்றியதும் சரியாயிற்று.

2024-ம் ஆண்டில் வந்த ‘24 எச் 2’ என்ற விண்டோஸ் மாற்றத்தின்போது, யூபிசாப்ட் கம்பெனியின் விளையாட்டுகள் சில பாதியில் நின்றுபோயின. ‘அசாசின்ஸ் கிரீட் வல்ஹல்லா’, ‘ஸ்டார் வார்ஸ் அவுட்லாஸ்’ ஆகியவை அவற்றில் சேரும். அந்த விளையாட்டுகள் உள்ள கம்ப்யூட்டர்களுக்கு அந்த மாற்றத்தைக் கொடுக்காமல் மைக்ரோசாப்ட் தாற்காலிகமாக நிறுத்தி வைத்தது. பிறகு யூபிசாப்ட் தன் விளையாட்டுகளுக்குத் திருத்தம் கொடுத்தது.

வேகம் கூடியதும் உண்டு

2021-ம் ஆண்டு நவம்பரில் இன்டெல் கம்பெனி புதுமாதிரிப் பிராசஸர் ஒன்றை வெளியிட்டது. அதில் கடும் வேலை செய்ய ஒரு கூட்டம். சில்லறை வேலை செய்ய ஒரு கூட்டம். யாருக்கு எந்த வேலை கொடுப்பது என்பதை விண்டோஸ் 10-ஐவிட விண்டோஸ் 11 நன்றாகத் தெரிந்து வைத்திருந்தது. அதற்கு ஏற்றபடி அதைத் தயார் செய்திருந்தார்கள்.

2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு விண்டோஸ் திருத்தம் வந்தது. புதிய ரைசன் பிராசஸர் வைத்திருந்தவர்களுக்குச் சில விளையாட்டுகளில் நூற்றுக்கு 10 அளவுக்கு வேகம் கூடியதைச் சோதித்தவர்கள் கண்டார்கள். காசு கொடுத்துக் கார்டு வாங்கவில்லை. திருத்தம் போட்டதும் கூடியது!

முன்பும் நடந்த கதை

இது புதுச் சண்டையும் அல்ல. 2007-ம் ஆண்டு ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா வந்தது. பழைய எக்ஸ்.பி.யைவிட அது அதிக மெமரி கேட்டது. கிராபிக்ஸ் கார்டுக்கு உரிய டிரைவர்கள் சரியாக அமையவில்லை. டிரைவர் என்றால் இங்கே கார் ஓட்டுபவர் அல்ல. கார்டு பேசும் பாஷையை விண்டோஸுக்கு எடுத்துச் சொல்லும் புரோகிராமுக்குத்தான் அந்தப் பெயர். விளையாடுகிறவர்கள் பலர் எக்ஸ்.பி.யை விட மறுத்தார்கள்.

ஆனால் அதே ஆண்டில் ‘ஹேலோ 2’ என்ற விளையாட்டு, விஸ்டாவில்தான் ஓடும் என்று வந்தது. வேகத்துக்காகப் பழையதில் நின்றவர்கள் விளையாட்டையே இழக்க நேர்ந்தது. 2024-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி, பெரிய விளையாட்டுக் கடையான ஸ்டீம், விண்டோஸ் 7, 8 ஆகியவற்றுக்கு ஆதரவை நிறுத்தியது. 2025-ம் ஆண்டு அக்டோபரில் வந்த ‘பேட்டில்ஃபீல்டு 6’, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு இல்லாத கம்ப்யூட்டரில் ஓட மறுக்கிறது.

ஆகவே, பழையதிலேயே இருப்பதால் வேகம் மிஞ்சலாம். ஆனால் விளையாட வேண்டிய விளையாட்டு மிஞ்சாமல் போகலாம்.

திருடன் வந்த கதை

தந்தையின் பயம் வீண் பயம் அல்ல. 2017-ம் ஆண்டு மே மாதம் ‘வானாக்ரை’ என்ற திருட்டுப் புரோகிராம் உலகைக் கலக்கியது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டு, பணம் கொடுத்தால் திறப்பேன் என்றது. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகளே திணறின.

அதைத் தடுக்கும் திருத்தத்தை இரண்டு மாதம் முன்பே, மார்ச் மாதத்தில், மைக்ரோசாப்ட் கொடுத்துவிட்டது. அதைப் போட்டவர்கள் தப்பினார்கள். போடாதவர்கள் அகப்பட்டார்கள். பாதுகாப்புத் திருத்தமே வராத கம்ப்யூட்டரில் பாங்குக் கணக்குப் பார்ப்பது, தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் நகைப் பெட்டி வைப்பது போலத்தான்.

என்ன செய்யலாம்?

முதலில் உங்கள் கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் 11 தகுமா என்று பாருங்கள். ‘பிசி ஹெல்த் செக்’ என்ற மைக்ரோசாப்ட் புரோகிராம் அதைச் சொல்லிவிடும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல், ரைசன் என்றால் 2000 வரிசை முதல், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு உறுப்பு, குறைந்தது 4 ஜி.பி. மெமரி, 64 ஜி.பி. இடம் - இவை வேண்டும்.

ஆனால் 4 ஜி.பி. என்பது உள்ளே நுழையத்தான். விளையாட அது போதாது. 8 ஜி.பி. வைத்துத் திணறுகிறவர்கள், புதுக் கம்ப்யூட்டர் வாங்குமுன் மெமரியை 16 ஜி.பி. ஆக்கிப் பார்க்கலாம். செலவு அதைவிட மிகக் குறைவு.

தகுதி இருந்தால் இப்படிச் செய்யுங்கள்:

1. படங்கள், பாடங்கள், கணக்குகள் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்கில் நகல் எடுத்து வையுங்கள்.

2. மாற்றுவதற்கு முன் ஒரு விளையாட்டை ஒரே இடத்தில் மூன்று முறை ஓட்டி, விநாடிக்கு எத்தனை படம் என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வாய்ச் சண்டைக்கு அந்தத் தாள்தான் சாட்சி.

3. விண்டோஸ் 11 போட்ட பிறகு கிராபிக்ஸ் கார்டுக்குப் புது டிரைவர் போடுங்கள்.

4. முதல் நாளே தீர்ப்புச் சொல்லாதீர்கள். அன்று கம்ப்யூட்டர் மறைவில் பல திருத்தங்களை இறக்கிக்கொண்டிருக்கும். விளையாட்டும் தனக்கு வேண்டியதைப் புதிதாகத் தயார் செய்துகொள்ளும். இரண்டு மூன்று நாள் கழித்து, அதே விளையாட்டை அதே இடத்தில் மூன்று முறை ஓட்டுங்கள்.

5. பிடிக்கவில்லையா? பத்து நாளுக்குள் செட்டிங்ஸில் உள்ள ரெகவரி பகுதி வழியாகப் பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம். பத்து நாள் தாண்டினால் அந்த வழி மூடிவிடும். ஆகையால் சோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். திரும்பினாலும் தாழ்ப்பாள் இல்லாத வீட்டுக்குத்தான் திரும்புகிறீர்கள் என்பதையும் மறவாதீர்கள்.

தகுதி இல்லாத கம்ப்யூட்டர் என்றால், குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன் என்பவர்களிடம் ஜாக்கிரதை! அப்படிப் போட்டதற்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. விண்டோஸ் 10-லேயே இருப்பவர்களுக்கு, பதிவு செய்துகொண்டால் 2026-ம் ஆண்டு அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் உண்டு என்று மைக்ரோசாப்ட் 2025-ல் அறிவித்தது. அது கெடுவைத் தள்ளிப் போட்டதுதான். பாதுகாப்பு நின்ற கம்ப்யூட்டரைப் பழைய விளையாட்டுகளுக்கு மட்டும், இன்டர்நெட் தொடர்பு இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். பணக் காரியம் அதில் வேண்டாம்.

தீர்ப்பு

மகன் சொன்னதில் உண்மை உண்டு. சில சமயம் வேகம் குறைந்தது. இன்றும் சில கம்ப்யூட்டர்களில் கொஞ்சம் குறையலாம். ஆனால் பெரிய குறைகள் பெரும்பாலும் புதிதாக வந்த நாட்களில் தோன்றி, திருத்தம் வந்ததும் மறைந்தன.

தந்தை சொன்னது அதைவிடப் பெரிய உண்மை. போன படத்தைத் திருத்தம் போட்டு மீட்கலாம். பாங்கிலிருந்து போன பணத்தை மீட்பது அவ்வளவு சுலபம் அல்ல.

தாய் சொன்னதும் சரியே. தகுதியுள்ள கம்ப்யூட்டர் இருக்கும்போது வேகத்துக்குப் பயந்து புதியது வாங்க வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் உட்கார்ந்து, தாளில் இரண்டு கணக்கையும் எழுதிப் பார்க்கட்டும். வித்தியாசம் நாலு படம்தான் என்று தெரிந்தால், மகனே ஒப்புக்கொள்வான்!