சுருளைத் தூக்கி எறியாதீர்கள்

பழைய படம் ஒன்று ‘4கே தரத்தில், புதுப்பொலிவுடன்’ என்ற போஸ்டரோடு மறுபடி திரைக்கு வருவது இப்போது சகஜம். 2012-ல் ‘கர்ணன்’ அப்படி வந்து நன்றாக ஓடிய பிறகு தயாரிப்பாளர்களுக்கும் ஆசை கூடியிருக்கிறது. நல்லதுதான். கூடவே ஒரு தப்பெண்ணமும் வேரூன்றிவிட்டது: கம்ப்யூட்டர் இருந்தால் எந்தப் படத்தையும் மீட்டுவிடலாம், ஒருமுறை ஸ்கேன் செய்தாயிற்று என்றால் ஃபிலிம் சுருள் கிடக்கும் துருப்பிடித்த தகரப் பெட்டிகளை எடைக்குப் போட்டுவிடலாம் என்று. மீட்பு வேலை நடக்கும் விதத்தைச் சற்றுக் கிட்டத்தில் பார்த்தால் இது தலைகீழ்ப் பாடம் என்று புரியும். சினிமாப் பாரம்பரியத்துக்கென்று ஒதுக்கும் பணத்தில் முதல் ரூபாய் சுருளைக் காக்கும் குளிர்கிடங்குக்குப் போக வேண்டும். ஸ்கேனரும் மென்பொருளும் அதற்கு அப்புறம்தான்.

சத்யஜித் ராயின் அபு படங்கள் மூன்றைவிட இதற்கு நல்ல சாட்சி கிடையாது. 1993-ல் லண்டனில் ஹெண்டர்சன் லேபில் பிடித்த தீயில் அவற்றின் மூல நெகடிவ்கள் கருகின. எந்த மெஷினிலும் ஏற்ற முடியாத அந்த மிச்சத்தைக் குப்பையில் கொட்டாமல் ஆஸ்கர் அகாடமி எடுத்து வைத்தது. இருபது ஆண்டு கழித்து கிரைட்டீரியன் நிறுவனம் மீட்க முன்வந்தபோது, அந்த மிச்சம் இத்தாலியின் போலோக்னா நகரிலுள்ள லிம்மாஜினே ரித்ரோவாத்தா கூடத்துக்குப் போயிற்று. அங்கே முதலில் நடந்தது கைவேலை. காய்ந்து முறுக்கிக்கொண்ட சுருளை கிளிசரால், அசிட்டோன், நீர் கலந்த கரைசலால் ஈரமூட்டி இளக்கினார்கள். உருகிப் படிந்திருந்த டேப்பையும் பசையையும் நீக்கினார்கள். பற்சக்கரம் பிடித்து இழுப்பதற்காக ஓரத்தில் இருக்கும் துளைகள் எரிந்துபோன இடங்களில் அவற்றைப் புதிதாகக் கட்டினார்கள். ஏறக்குறைய ஆயிரம் மணிநேர உழைப்புக்குப் பிறகு, ‘பதேர் பாஞ்சாலி’ நெகடிவில் சுமார் 40 சதவீதமும் ‘அபராஜிதோ’வில் 60 சதவீதத்துக்கு மேலும் தேறின. ‘அபுர் சன்சார்’ தேறவில்லை. மீதியை வெவ்வேறு காப்பகங்களில் இருந்த பிரதிகளைக் கொண்டு நிரப்பி, 2015-ல் மூன்றையும் 4கே-யில் வெளியிட்டார்கள். 1993-லேயே ஏதோ ஒரு பிரதியை வீடியோ டேப்பில் ஏற்றிக்கொண்டு மற்றதையெல்லாம் வீசியிருந்தால், இன்று நம்மிடம் இருப்பது அந்த டேப்பின் தரம் மட்டுமே.

சுருள் ஏன் கெடுகிறது என்பது மர்மமல்ல. 1950-களின் தொடக்கம் வரை புழங்கிய நைட்ரேட் ஃபிலிம், பற்றினால் தண்ணீருக்குள்ளும் எரியும். 2003 ஜனவரியில் புனேயில் நேர்ந்த தீ விபத்தில் நாம் பறிகொடுத்தது அந்த வகைச் சுருள்களைத்தான். பின்னால் வந்த அசிடேட் ஃபிலிமுக்கு நெருப்பைவிட வெக்கையும் ஈரமும் எதிரி. அது சிதையும்போது அசிடிக் அமிலம் கசியும். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை மூக்கைத் துளைக்கும். அந்த அமிலமே சிதைவை மேலும் விரட்டும், பக்கத்துப் பெட்டியையும் பாழாக்கும். சுருள் சுருங்கி நெளிந்து, படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் படலம் கழன்று வந்துவிட்டால் எந்த மென்பொருளாலும் அதை ஒட்டவைக்க முடியாது. 21 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரப்பதத்தில் புதிய அசிடேட் சுருளில் இந்த நோய் தலைகாட்ட சுமார் 40 ஆண்டு ஆகும் என்பது அமெரிக்காவின் இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிடியூட் போட்ட கணக்கு. 21 டிகிரி என்பது சென்னையில் மார்கழி விடியலில் கிடைக்கிற குளிர். வெப்பத்தை இன்னும் இறக்கினால் சுருளின் ஆயுள் பல மடங்கு நீளும். கலர்ச் சாயம் வெளுப்பதும் மட்டுப்படும்.

‘டிஜிட்டலில் ஏற்றிவிட்டால் இந்தக் கவலையே இல்லையே’ என்பார்கள். ஹார்டு டிஸ்க்குக்கும் ஆயுள் உண்டு, ஃபைல் வடிவங்களும் வழக்கொழிந்துபோகும். சில ஆண்டுக்கு ஒருமுறை நகலெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 4கே மூலப்பிரதி ஒன்றைப் பராமரிக்க ஆண்டுக்கு 12,514 டாலர், ஃபிலிமாக வைத்தால் 1,059 டாலர் என்று 2007-ல் ஆஸ்கர் அகாடமி கணக்கிட்டது. இப்போது டிஜிட்டல் செலவு குறைந்திருக்கும் என்று வாதிட்டால் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் யாரும் கவனிக்காமல் பத்திருபது ஆண்டு கிடந்தாலும் குளிரில் இருக்கும் சுருள் தாங்கும். ஃபைலுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. இன்னொரு வாதம் செயற்கை நுண்ணறிவு. ஒரு ஃப்ரேமில் விழுந்த கீறலுக்கு முன்பின் ஃப்ரேம்களிலிருந்து எடுத்து நிரப்புவது நேர்மையான வேலை. எந்த ஃப்ரேமிலும் இல்லாததை மெஷின் ஊகித்து வரைந்தால் அதற்கு மீட்பு என்று பெயரில்லை. 2025-ல் தனுஷ் நடித்த ‘அம்பிகாபதி’யின் முடிவையே செயற்கை நுண்ணறிவால் மாற்றி மறுபடி வெளியிட்டார்கள், இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் எதிர்த்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மூலம் இல்லாத பழைய படத்துக்கு இது நேர்ந்தால் யார் கண்டுபிடிப்பது?

செலவு என்ற ஆட்சேபம் மட்டும் கனமானது. எல்லாப் படங்களையும் 4கே-யில் மெருகேற்றப் பணம் போதாது. அதனால்தான் கிடங்கு முதலில் என்கிறேன். சுருள் பத்திரமாக இருந்தால் எந்தப் படத்தை எப்போது மீட்பது என்று பிறகு சாவகாசமாக முடிவு செய்யலாம். தமிழின் முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’ 1931-ல் வந்தது; அதற்கு ஒரு பிரதிகூட நம்மிடம் இல்லை. நாகர்கோவிலில் உருவான மௌனப்படம் ‘மார்த்தாண்ட வர்மா’ பிழைத்ததற்குக் காரணம் காப்புரிமை வழக்கு: அதன் மூல நாவலைப் பதிப்பித்தவர்கள் கோர்ட்டுக்குப் போக, பிரதி அவர்கள் வசம் முடங்கிக் கிடந்து, 1974-ல் புனே தேசியத் திரைப்படக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. வழக்கு போட்டுத்தான் சினிமாவைக் காப்பாற்ற முடியும் என்ற நிலை இனியும் வேண்டாம். சிறு தயாரிப்பாளர்களின் சுருள்களுக்குக் குளிர்கிடங்கில் இடம் பிடித்து, வாடகையைத் தமிழ்நாடு அரசு ஏற்கட்டும். வீட்டுப் பரணிலோ கோடவுனிலோ படப்பெட்டி வைத்திருப்பவர்கள் இந்த வாரமே அதைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை வந்தால் அதை மற்றப் பெட்டிகளிலிருந்து பிரித்து, குளிர்ந்த, உலர்ந்த, காற்றோட்டமுள்ள இடத்துக்கு மாற்றுங்கள். 1950-களின் தொடக்கத்தையோ அதற்கு முந்திய காலத்தையோ சேர்ந்ததானால் நெருப்பின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பிறகு புனே காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.