கேபிளைத் துண்டித்தால் கணக்கு வருமா?

பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்ததும் கேபிளைத் துண்டிப்பது தேனிப் பக்கம் சாதாரணம். "டிவி பார்க்கிற பிள்ளைக்குக் கணக்கு ஏறாது" என்று பெற்றோர் சொல்கிறார்கள், ஆசிரியர்களும் ஆமோதிக்கிறார்கள். எனக்கு இதில் கடும் மறுப்பு உண்டு. பிள்ளைகள் ஆசையாகப் பார்க்கும் நிகழ்ச்சியிலேயே கணக்கு கொட்டிக் கிடக்கிறது. அதை எடுத்துத் தர வகுப்பறை மறுப்பதுதான் கோளாறு.

விடிவதற்குள் ஜீப் ஏறி, கம்பம்மெட்டும் போடிமெட்டும் தாண்டி ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் தாய் இருட்டிய பிறகே வீடு திரும்புகிறார். அவர் எப்போது வாய்ப்பாடு சொல்லித் தருவது? டியூஷனுக்குப் பணம் ஏது? வீட்டில் இருப்பது டிவி.

2020 ஜனவரியில் நடிகை ராதிகா டிவியில் நடத்திய 'கோடீஸ்வரி' வினாடி வினா நிகழ்ச்சியில், செவித்திறனும் பேச்சுத்திறனும் இல்லாத மதுரைப் பெண் கௌசல்யா கார்த்திகா ஒரு கோடி வென்றார். அந்த நிகழ்ச்சிக்கு முன்னோடி, 2000-ல் இந்தியில் வந்த 'கோன் பனேகா குரோர்பதி'. அதன் பரிசுப் படிகளைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். 10,000, 20,000, 40,000 என்று இரட்டித்துக்கொண்டே போய் 6,40,000 வருகிறது. அடுத்தது 12,80,000 ஆகத்தானே இருக்க வேண்டும்? இருப்பதோ 12,50,000. 30,000 எங்கே போயிற்று? இரட்டித்துக்கொண்டே போயிருந்தால் கடைசிப் படி 1,02,40,000 ஆகியிருக்கும். ஒரு கோடியில் முடிக்கவே அந்த இடத்தில் குறைத்திருக்கிறார்கள். 12,80,000-க்கு 30,000 எத்தனை சதவீதம்? 1,02,40,000-க்கு 2,40,000 எத்தனை சதவீதம்? இரண்டும் ஒன்றே, ஏறத்தாழ 2.34. ஏன் ஒன்றாக வருகிறது என்று ஏழாம் வகுப்புப் பிள்ளையை யோசிக்க விடுங்கள். விகிதம் என்றால் என்னவென்று அன்றைக்குப் புரியும். பரிசுக்கு 30 சதவீத வரி உண்டு, செஸ் தனி என்பதையும் சேர்த்துச் சொன்னால் கோடி எவ்வளவு சுருங்குகிறது என்பதும் தெரியும்.

மணிக்கணக்கில் டிவி முன்னால் கிடந்தால் படிப்பு கெடும்தான். நான் கேட்பது பத்து நிமிடக் காட்சியும் அதன்மேல் ஒரு பாடவேளையும். அரசு 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது நல்ல காரியம். ஆனால் வகுப்பறையை டிவிக்குள் கொண்டுபோவதோடு வேலை முடிவதில்லை. டிவியும் வகுப்பறைக்குள் வர வேண்டும்.

செய்தியைக்கூட விட வேண்டாம். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் முதல் போகத்துக்குப் பெரியாறு அணையிலிருந்து விநாடிக்கு 200 கன அடி, குடிநீருக்கு 100 கன அடி திறப்பதாக ஜூன் மாதத்தில் சொல்வார்கள். பாசனத்துக்கான 200 கன அடி ஒரு நாளைக்கு 1,72,80,000 கன அடி ஆகிறது. அது அத்தனை ஏக்கரிலும் சமமாகப் பரவினால் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட நிற்காது. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் அப்பாவின் கவலை பிள்ளைக்கு எண்ணாகத் தெரியும்.

உத்தமபாளையத்திலும் சின்னமனூரிலும் கூடலூரிலும் கணக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களே, நேற்று ராத்திரி டிவியில் என்ன எண் பார்த்தாய் என்று பிள்ளைகளிடம் கேட்டு நாளை வகுப்பைத் தொடங்குங்கள்.