சேர்த்துவிட்டால் ஆயிற்றா?

பள்ளியை விட்டு நின்ற பிள்ளையைத் தேடிப் பிடித்து, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, வருகைப் பதிவேட்டில் பெயரை ஏற்றி, ஒரு புகைப்படமும் எடுத்து அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று இருக்கிற நிர்வாகத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம். முள்ளுக்குறிச்சியிலும் அதற்கு மேலே வளப்பூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு என்று கிடக்கும் கொல்லிமலை ஊர்களிலும் கணக்கில் வருவது “மீண்டும் சேர்க்கப்பட்டோர்” எண்ணிக்கை மட்டுமே. எந்தப் பிரிவில் சேர்த்தார்கள், அந்தப் பிரிவு அவனை எங்கே கொண்டுபோய் விடும், அதை யார் அவனிடம் சொன்னார்கள் என்று கேட்க எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

திரும்பி வருகிற பிள்ளை யார் என்பதை முதலில் நிர்வாகம் புரிந்துகொள்ள வேண்டும். மிளகுப் பறிப்புக்கும் காப்பிப் பழம் எடுக்கவும் அப்பா அம்மாவோடு போனவன். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறி ஊர் ஊராகப் போர் போட்டுவிட்டு வந்தவன். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்டவள். பதினேழு வயதுக்குள் கூலி வாங்கிப் பழகிய கை அது. இன்னும் இரண்டு வருடம் வகுப்பில் உட்கார்ந்தால் எத்தனை நாள் கூலி போகும் என்று அவனுக்கு மனக்கணக்கு தெரியும். அவன் கேட்கிற கேள்வி நேரடியானது: என்ன படிக்கணும், எத்தனை வருஷம், முடித்தால் என்ன வேலை? அதற்குக் கிடைக்கிற பதிலோ, “எந்த குரூப்பில் இடம் இருக்கிறதோ அதில் உட்காரு” என்பதுதான். கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு கை கழுவிவிடுகிறது. அதற்கு மேல் இருப்பவனுக்குச் சட்டம் இல்லாவிட்டால் போகட்டும், ஒரு சரியான வார்த்தையாவது வேண்டாமா?

பிளஸ் ஒன்னில் எடுக்கும் பிரிவு என்பது சின்ன விஷயமல்ல. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985 முதல் இதே மாவட்டத்தில் இருக்கிறது. கோழிப்பண்ணைக்குப் பேர்போன மாவட்டம் இது. ஆடு மாடு மேய்த்து வளர்ந்த மலைப் பிள்ளைக்கு அந்தக் கல்லூரியை விடப் பக்கத்தில் வேறு எது இருக்கிறது? ஆனால் உயிரியல் இல்லாத பிரிவில் உட்காரவைத்த அன்றே அந்தக் கதவு சாத்தப்பட்டுவிட்டது. சாத்தியவர்களுக்கும் தெரியாது, சாத்தப்பட்டவனுக்கும் தெரியாது. இரண்டு வருடம் கழித்து விண்ணப்பம் போடும்போதுதான் தெரிய வரும்.

இதைவிட மோசமானது தனித்தேர்வர் விவகாரம். “பள்ளிக்கு வர முடியாவிட்டால் பரவாயில்லை, பிரைவேட்டாக எழுதிவிடு” என்று நல்ல எண்ணத்தோடுதான் பலர் சொல்கிறார்கள். மருத்துவப் படிப்பில் 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021-லும் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அடிப்படை நிபந்தனை. 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும், 2024-ல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் அதே 1,000 ரூபாயும் இதே தொடர்ச்சியைத்தான் கேட்கின்றன. பத்தாம் வகுப்போடு நின்ற பெண், பிளஸ் டூவை வீட்டிலிருந்தபடி எழுதித் தேறினால் சான்றிதழ் கையில் இருக்கும். அரசுப் பள்ளி மாணவி என்ற தகுதி போயிருக்கும். வகுப்பில் சேர்ந்து எழுதியிருந்தால் கிடைத்திருக்க வேண்டியதை அவள் இழந்தாள் என்பதை அவளுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியது யார் பொறுப்பு? கேட்டுப் பாருங்கள்; ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுவார்.

திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டமும் இப்படித்தான். பிளஸ் டூ இல்லாமலே நேரடியாகப் பட்டப் படிப்பில் சேரலாம் என்று கேட்டதும் குடும்பமே மகிழ்ந்துபோகிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, அதன்பின் பட்டம் என்ற வரிசையில் படிக்காதவரின் பட்டம் அரசுப் பணிக்குச் செல்லாது என்று தமிழக அரசே 2009 ஆகஸ்டில் ஆணை போட்டது. அந்த ஆண்டு உச்ச நீதிமன்றமும் இதே திசையில் தீர்ப்பளித்திருந்தது. ஆணை சரியா தவறா என்று இங்கே வாதாட வரவில்லை. மூன்று வருடப் பணத்தையும் உழைப்பையும் கொட்டுவதற்கு முன் அந்த ஆணையை ஒரு வரியில் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் குற்றச்சாட்டு. அதே நேரத்தில், பத்தாம் வகுப்பு தேர்ச்சி இருந்தாலே குரூப் 4 எழுதலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. தெரிய வேண்டியது தெரியாமலும், தெரிந்தால் தப்பித்திருக்கக்கூடியது மறைந்தும் கிடக்கிறது.

இந்த இடைவெளியில்தான் போஸ்டர் வந்து நிற்கிறது. மலையடிவார ஊர்களின் பஸ் நிறுத்தச் சுவர்களில் கண்ணை உறுத்தும் மஞ்சளிலும் சிவப்பிலும் ஒட்டியிருப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். பத்தாம் வகுப்பு பாஸ், ஃபெயில் இருவரும் சேரலாம், நர்சிங் பயிற்சி, ஓராண்டு, விடுதி வசதி, நூறு சதவீத வேலை, கீழே இரண்டு செல்போன் எண். மகளை நர்ஸாக்கும் கனவு மலை வீடுகளில் ஆழமாக இருக்கிறது. மலைக்குழந்தைக்கு ஊசி போட வருகிற நர்ஸம்மாதான் அவர்கள் கண்ட முதல் சம்பளக்காரப் பெண். அந்தக் கனவைத்தான் போஸ்டர்காரர் காசாக்குகிறார். செவிலியர் பட்டயப் படிப்பு மூன்றாண்டு, அதற்குப் பிளஸ் டூ வேண்டும். இளநிலை செவிலியர் பட்டம் நான்காண்டு. தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு பெறாதவர் செவிலியராகப் பணி செய்ய முடியாது. அரசு மருத்துவமனை வேலைக்கு ஆள் எடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமும் அந்தப் பதிவைத்தான் கேட்கும். அங்கீகாரமற்ற இடத்தின் ஓராண்டுச் சான்றிதழைக் கொண்டுபோனால் குழுமம் பதிவு செய்யாது. கடைசியில் அந்தப் பெண் ஏதோ ஒரு தனியார் மருத்துவமனையில் உதவியாளர் சம்பளத்தில் நின்றுகொண்டு, ஊரில் “நர்ஸ்” என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் வீட்டுக்கு அந்தச் சான்றிதழுக்காக விற்ற மிளகுக் கொடியின் வருமானம் திரும்பி வராது.

போஸ்டர் ஒட்டியவனைக் கேட்பதற்கு முன் அரசைக் கேட்போம். அந்தச் சுவரில் சுகாதாரத் துறையின் எச்சரிக்கை ஒன்று ஏன் இல்லை? எந்த நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருக்கிறது என்று சொல்லும் ஒரு பெரிய எழுத்துத் தட்டி ஏன் இல்லை? டெங்குவுக்கும் நாய்க்கடிக்கும் விளம்பரம் எழுதும் கையில் இதற்குப் பெயிண்ட் தீர்ந்துவிட்டதா?

மறுபக்கம், கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. கொல்லிமலையிலேயே பழங்குடியினருக்கான அரசு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. ஆண்களுக்கு 40 வயது வரை இடம் உண்டு. பெண்களுக்கு உச்ச வயதே கிடையாது. பத்தாம் வகுப்போடு நின்று ஐந்து வருடம் ரிக் வண்டியில் ஓடியவன் கூட எலக்ட்ரீஷியனோ ஃபிட்டரோ படிக்கலாம். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கும் வெல்டர் போன்ற பிரிவுகள் இருக்கின்றன. பத்தாம் வகுப்புக்குப்பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர், தமிழ், ஆங்கில மொழித் தேர்வுகளில் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையான சான்று பெறலாம். பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். பழுதான ரிக் எஞ்சினை ராத்திரியில் டார்ச் அடித்துச் சரிசெய்து பழகியவனுக்கு இதைவிடப் பொருத்தமான பாதை எது? இதை மதிப்புக் குறைந்த படிப்பு என்று முகம் சுளிக்கும் பழக்கம் ஆசிரியர் அறையிலும் இருக்கிறது, அதிகாரிகள் வீட்டிலும் இருக்கிறது. அவர்கள் பிள்ளைகள் அங்கே சேர மாட்டார்கள் என்பதால் மலைப் பிள்ளைக்கும் அதன் பெயர் காதில் விழுவதில்லை.

அரசுத் தரப்பில் சொல்லப் பதில் இருக்கிறது. நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச் 1 முதல் நடக்கிறது. உயர்வுக்குப் படி முகாம்கள் நடக்கின்றன. வழிகாட்டி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறோம் என்பார்கள். திட்டங்கள் நல்லவை, மறுக்கவில்லை. ஆனால் உயர்வுக்குப் படி பெரும்பாலும் பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரியில் சேராதவர்களுக்கானது. பத்திலும் பதினொன்றிலும் நின்றவனைப் பிடிக்கும் வலை அதில் இல்லை. முகாமும் கீழே பெரிய ஊரில்தான். மலையிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து காரவள்ளிக்கு இறங்கவும், முள்ளுக்குறிச்சியிலிருந்து நாமக்கல்லுக்கு பஸ் மாறிப் போகவும் ஒரு நாள் கூலி போகும். போனால் அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருப்பது தனியார் கல்லூரி ஆள். கையில் பளபளப்பான துண்டறிக்கை. மாணவனின் நிலைமையைக் கேட்டு வழி சொல்ல அமர்ந்தவர் அல்ல, இடத்தை நிரப்ப அமர்ந்தவர் அவர். இதையா வழிகாட்டுதல் என்கிறீர்கள்?

மலைப் பள்ளி ஆசிரியர்கள் மீது பழி போட்டுத் தப்பிப்பதை நாம் ஏற்க மாட்டோம். முள்ளுக்குறிச்சியின் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி, செங்கரையின் ஏகலைவா பள்ளி போன்ற இடங்களில் ஆசிரியர் பாடம் எடுத்து, விடுதியைப் பார்த்து, காய்ச்சல் வந்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், அதோடு நாளுக்கொரு இணையப் பதிவேடும் நிரப்ப வேண்டும். வழிகாட்டியாகவும் இரு என்று இன்னொரு வேலையை அவர் தோளில் ஏற்றுவது தீர்வல்ல. அதற்கென்றே ஓர் ஆள் வேண்டும்.

சாதிச் சான்று இல்லாவிட்டால் இத்தனையும் வீண். மற்றவர்களுக்கு வட்டாட்சியர் தருவது, பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் விசாரித்துத் தர வேண்டியதாக இருக்கிறது. கொல்லிமலையில் வாழும் மலையாளி சமூகம் இந்த மாவட்டத்தில் பட்டியல் பழங்குடி என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை. அப்படியிருக்க, சேர்க்கை நேரத்தில் சான்றுக்காக ஒரு பெண் திரும்பத் திரும்ப அலுவலகப் படியேறினால், கடைசித் தேதி கடந்துவிடும். மாநிலத்தில் பழங்குடியினருக்கு இருப்பது 1 சதவீத ஒதுக்கீடு. அந்த ஒரு சதவீதத்தின் பயனும் ஒரு காகிதத்தில் முடங்கினால் யாரிடம் முறையிடுவது?

மாவட்ட ஆட்சியரும் பழங்குடியினர் நலத் துறையும் பள்ளிக்கல்வித் துறையும் சேர்ந்து, அடுத்த சேர்க்கைக்கு முன்பாக, மே மாதத்திலேயே, முள்ளுக்குறிச்சியிலும் செம்மேட்டிலும் முகாம் போட வேண்டும். தனியார் கல்லூரி மேசைக்கு அங்கே இடம் இருக்கக் கூடாது. கோட்டாட்சியர் அலுவலக ஊழியர் அங்கேயே உட்கார்ந்து சாதிச் சான்று விண்ணப்பத்தை வாங்கி, முடிவு தேதியை எழுதிக் கொடுக்க வேண்டும். பள்ளி திரும்பும் ஒவ்வொரு பிள்ளைக்கும், எந்தப் பிரிவு எந்தப் படிப்புக்குப் போகும், எதை எடுத்தால் எந்தச் சலுகை போகும் என்று தமிழில் அச்சிட்ட ஒரு தாள் கையெழுத்தோடு தரப்பட வேண்டும். இரண்டு மலைப் பள்ளிக்கு ஒருவராவது முழுநேர வழிகாட்டி நியமிக்கப்பட வேண்டும். அங்கீகாரமற்ற நர்சிங் பயிற்சி விளம்பரங்கள் அகற்றப்பட்டு, அங்கீகாரம் பெற்றவற்றின் பட்டியல் ஒவ்வொரு பஸ் நிறுத்தத்திலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டப்பட வேண்டும். “மீண்டும் சேர்க்கப்பட்டோர்” அறிக்கையில் இனி, சேர்ந்தவர் இரண்டு வருடத்துக்குப் பின் எங்கே இருக்கிறார் என்ற கட்டமும் இருக்க வேண்டும். அந்தக் கட்டத்தை நிரப்பாத அறிக்கையை ஆட்சியர் திருப்பி அனுப்ப வேண்டும்.