வாக்கில்லாதவர்களின் பந்தயம்

பாப்பரசர் ஒருவர் காலமானால், அவரது நல்லடக்கத்திற்கு முன்னரே அடுத்தவர் யார் என்ற பட்டியல்கள் வெளிவந்துவிடுகின்றன. 2025 ஏப்ரல் 21 அன்று பிரான்சிஸ் மறைந்தபோதும் அதுவே நடந்தது. பரோலின், தாக்லே, சுப்பி, டர்க்சன் என்று பெயர்கள் அடுக்கப்பட்டன. பந்தயக் குதிரைகளுக்குப் போல வெற்றி வாய்ப்புகள் கணக்கிடப்பட்டன. மே 8 அன்று வெண்புகை எழுந்த பின் மாடத்தில் வந்து நின்றவர் ராபர்ட் பிரான்சிஸ் பிரவோஸ்ட், அதாவது பதினான்காம் லியோ. அமெரிக்கர் ஒருவரை ஒருபோதும் தேர்ந்தெடுக்கமாட்டார்கள் என்பது அதுநாள்வரை வத்திக்கான் நோக்கர்கள் பலரின் தீர்ப்பாக இருந்தது.

ஊகம் பொய்த்தது என்பதற்காக நாம் எவரையும் குற்றம் சாட்டவில்லை. 2005இல் எல்லோரும் எதிர்பார்த்த ராட்சிங்கரே பதினாறாம் பெனடிக்ட் ஆனார். 2013இல் மிலானின் ஸ்கோலா என்றார்கள். இத்தாலிய ஆயர் பேரவை அவருக்கு அவசரமாக வாழ்த்துச் செய்தியே அனுப்பிவிட்டது. வந்தவரோ புவெனஸ் அயர்ஸின் பெர்கோலியோ. பலித்தாலும் பொய்த்தாலும் இந்த விளையாட்டு செய்யும் தீங்கு ஒன்றே. 'யார் வருவார்?' என்ற ஆரவாரத்தில் 'யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?' என்ற கேள்வி காணாமற் போகிறது.

உலகில் கத்தோலிக்கர் சுமார் 140 கோடி. 2025இல் சிஸ்டைன் சிற்றாலயத்திற்குள் சென்று வாக்களித்தவர்கள் 133 பேர். அனைவரும் ஆண்கள், அனைவரும் கர்தினால்கள், அவர்களில் 108 பேர் மறைந்த பாப்பரசராலேயே அப்பதவிக்கு உயர்த்தப்பட்டவர்கள். இது ஆதிமுதல் இருந்துவரும் ஒழுங்கு என்று நம்புவோர் வரலாற்றைப் புரட்டிப் பார்க்கட்டும். தொடக்க நூற்றாண்டுகளில் ரோமின் ஆயரைத் தெரிவு செய்வதில் அந்நகரத்துக் குருக்களுக்கும் மக்களுக்கும் பங்கு இருந்தது. 1059இல் இரண்டாம் நிக்கோலஸ் அந்த உரிமையைப் பெரும்பாலும் கர்தினால்களிடம் ஒப்படைத்தார். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்ற விதி 1179இல் வந்தது. எண்பது வயதைக் கடந்தோர்க்கு வாக்கில்லை என்பது 1970இல்தான் வந்தது. மனிதர் வகுத்த விதிகள் இவை, பலமுறை மாற்றப்பட்டவையும்கூட.

இந்தப் பட்டியல்கள் மனிதர்களையும் சிறுமைப்படுத்துகின்றன. தாக்லே 'ஆசியப் பாப்பரசர்', டர்க்சன் 'ஆப்பிரிக்கப் பாப்பரசர்' என்றால் அவர்கள் என்ன எண்ணுகிறார்கள் என்று கேட்க வேண்டியதில்லை போலும்! எஞ்சியவர்களுக்கு முற்போக்கு, பழைமை என்று இரண்டு பெட்டிகள். கின்ஷாசாவின் அம்போங்கோவை எதில் போடுவார்கள்? காங்கோவின் கனிமக் கொள்ளையைக் கடுமையாகக் கண்டித்தவர் அவர். ஒருபாலினத்தவர் இணைகளுக்கு ஆசி வழங்கலாம் என 2023 டிசம்பரில் வத்திக்கான் அறிவித்தபோது ஆப்பிரிக்க ஆயர்களின் மறுப்பை முன்னின்று தெரிவித்தவரும் அவரே.

ஊகம் பல வேளைகளில் முகமூடி அணிந்த விருப்பமாகவே இருக்கிறது. 1903இல் ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் யோசேப்பு அந்த முகமூடியை அணியவில்லை. ரம்போல்லா வரக்கூடாது என்று கிராக்கோவின் கர்தினால் புசினாவின் வாய்வழி அவைக்குள்ளேயே அறிவித்தார். தேர்வு பெற்ற பத்தாம் பயஸ் மறு ஆண்டே அந்தத் தடையுரிமைக்கு முற்றுப்புள்ளி வைத்தார். பேரரசர் செய்தது அத்துமீறல்தான். ஆனால் தமக்கு என்ன வேண்டும் என்பதை அவர் மறைக்கவில்லை. இன்றைய பட்டியல்காரர்களோ தமக்கு வேண்டியவரை 'வாய்ப்புள்ளவர்' என்று எழுதிவிட்டு நடுநிலை என்கிறார்கள்.

அரசர்களின் கை உள்ளே நுழையாதிருக்கவே கதவு அடைக்கப்படுகிறது என்று சிலர் வாதிடுவர். அது மெய். 1903க்குப் பிறகு அதை மறுக்க நமக்கு மனம் வராது. கதவு அடைபட்டே இருக்கட்டும். அது அடைபடுமுன் உள்ளே செல்வோர் யார் என்பதே நமது வினா.

2025 ஜனவரியில் சிமோனா பிரம்பில்லா என்ற அருள்சகோதரி, உலகெங்கும் உள்ள துறவியரின் காரியங்களைக் கவனிக்கும் வத்திக்கான் துறைக்குத் தலைவரானார். அப்படியொரு துறைக்குத் தலைமையேற்ற முதற்பெண் அவர். அதே துறையில் அவரோடு பணியமர்த்தப்பட்ட கர்தினால் ஒருவர் நான்கு மாதங்களுக்குப் பின் சிற்றாலயத்திற்குள் சென்று வாக்களித்தார். துறையின் தலைவி வெளியே நின்றார். இதைக் குறித்து எத்தனை பக்கங்கள் எழுதப்பட்டன? எந்தக் கர்தினாலுக்கு எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்பதற்கு எத்தனை பக்கங்கள்?

லியோவுக்குப் பின் யார் என்ற பட்டியலும் ஒருநாள் வரத்தான் போகிறது. வாசகர்கள் அதை வாசிக்கட்டும்; தடுக்க நாம் யார்? அதில் இடம்பெறும் பெயர்களை எண்ணி முடித்த பிறகு, வாக்குச்சீட்டைத் தொட முடியாதவர்களையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.